பழைய ஜெர்மன் வேகக் கார்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

பதினோரு வருடமாக செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் கார்தான் ஓட்டுகிறேன். ஊர் கோயம்புத்தூர். நான் மெக்கானிக் இல்லை; மெக்கானிக் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன். நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் போனில் கேட்பதையெல்லாம் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லி வாய் வலிக்கிறது.

60 லட்சத்து வண்டி 15 லட்சத்துக்குக் கிடைக்கிறதே, இதில் ஏதோ வில்லங்கம் இருக்குமோ?

வில்லங்கம் இல்லாமலும் அந்த விலைக்கு வரும். புது வண்டி வாங்குகிறவருக்கு வாரன்டி முடிந்ததும் வண்டி மேல் ஆசை விட்டுவிடும். அடுத்த மாடல் ஷோரூமுக்கு வந்துவிட்டால் விலை இன்னும் சரியும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் இறங்குவது வண்டியின் விலை மட்டும். அதன் வாட்டர் பம்ப் 60 லட்சத்து வண்டியின் வாட்டர் பம்ப்பாகவேதான் இருக்கிறது. நீங்கள் 15 லட்சத்துக்கு வாங்கினீர்கள் என்பது பிரேக் டிஸ்க்குக்குத் தெரியாது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தேவைப்படாது.

என் கணக்கு இது: கையில் 20 லட்சம் இருந்தால் 15, 16 லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மிச்சம் வண்டிக்காகவே வங்கியில் கிடக்கட்டும். முதல் வருடத்திலேயே அதில் ஒரு பகுதி போகும். போகவில்லை என்றால் இரண்டாம் வருடம் போகும். முழுப் பணத்தையும் வண்டியில் போட்டுவிட்டு, கடனும் வாங்கி, "ஆயில் மட்டும் மாத்தினா போதுங்ணா" என்று சொல்கிறவர்கள்தான் எட்டு மாதத்தில் விற்கிறார்கள். அந்த வண்டிதான் உங்களிடம் வந்து நிற்கிறது.

எந்த வண்டி வாங்கலாம்?

இதற்கு மாடல் பெயரில் பதில் சொல்ல மாட்டேன். இன்ஜின் பெயரில் சொல்கிறேன். ஜெர்மன் காரில் பேட்ஜை விட இன்ஜின் குறியீடுதான் ஜாதகம்.

பிஎம்டபிள்யூவில் பி58 என்ற 3 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியது. 2015-ல் வந்தது. 2021-ல் இந்தியாவில் இறங்கிய எம்340ஐ இந்த இன்ஜினோடுதான் வந்தது: 387 குதிரைச் சக்தி, 500 நியூட்டன் மீட்டர், நான்கு சக்கர இழுவை. அதைப் பூட்டுவது மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், செங்கல்பட்டு பக்கம். 2007 முதல் பிஎம்டபிள்யூவின் இந்தியத் தொழிற்சாலை அங்கேதான். ஆக, ரத்தம் ஜெர்மனி, பிறந்த ஊர் செங்கல்பட்டு. அவ்வளவு பணம் இல்லை என்றால் பி48 நான்கு சிலிண்டர் வந்த 330ஐ பாருங்கள். அதுவும் நல்ல இன்ஜின்.

அதற்கு முந்தைய தலைமுறை 328ஐ-ல் இருப்பது என்20. ஓட்ட அருமையாக இருக்கும். ஆனால் 2015-க்கு முந்தைய வண்டிகளில் டைமிங் செயினை, அதாவது இன்ஜின் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலியைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நாள்பட நொறுங்கும். நொறுங்கிய துணுக்குகள் கீழே விழுந்து ஆயில் உறிஞ்சும் வாயை அடைக்கும். பிறகு இன்ஜினே போய்விடும். செயின் மாற்றிய பில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். பில் இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

டீசல் 320டி ஊர் முழுக்கக் கிடைக்கும். 2007 முதல் 2011 வரையிலான என்47 இன்ஜினில் அதே செயின் தொல்லைதான். ஆனால் செயின் இருப்பது இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. மாற்ற வேண்டுமானால் பாதி வண்டியைக் கழற்ற வேண்டும். பொருளை விடக் கூலி அதிகமாக வரும் வேலை.

ஆடி, ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா மூன்றின் பல பெட்ரோல் வண்டிகளிலும் ஓடுவது இஏ888 இன்ஜின் குடும்பம். ஸ்கோடா செக் நாட்டுக் கம்பெனி என்று யாராவது சண்டைக்கு வருவார்கள். ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் இருப்பதும் இந்தக் குடும்ப இன்ஜின்தான் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். 2008-லிருந்து 2012 வரை வந்த இரண்டாம் தலைமுறை ஆயில் குடிக்கும், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பலவீனம். மூன்றாம் தலைமுறையில் அது சரியானது. அதற்குப் பதில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிகிறது. இன்ஜின் போவதோடு ஒப்பிட்டால் கூலன்ட், அதாவது குளிர்விக்கும் திரவம், கசிவது சளிக் காய்ச்சல்.

மெர்சிடிஸின் வேகக் கார் பிரிவான ஏஎம்ஜியில் பழைய எம்113, அதாவது 5.4 லிட்டர் வி8, யானை மாதிரி: நிறையத் தின்னும், லேசில் சாகாது. அதற்குப் பின் வந்த 6.2 லிட்டர் எம்156-ன் சத்தத்துக்கு நான் அடிமை. ஆனால் 2011-க்கு முந்தையவற்றில் சிலிண்டர் ஹெட் போல்ட்டுகள் உடையும் பிரச்சினை உலகமே அறிந்தது. போல்ட் மாற்றிய ஆதாரம் இல்லாமல் தொடாதீர்கள்.

உண்மையான எம் கார், சமாதானத்துக்கு எம் கார்: வேறுபாடு எப்படித் தெரியும்?

எம் என்பது பிஎம்டபிள்யூவின் வேகக் கார் பிரிவு. அதன் பேட்ஜ் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதனால் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். எம்3, எம்5 மாதிரியான முழு எம் கார்களின் எண் டபிள்யூபிஎஸ் என்று தொடங்கும். சாதாரண பிஎம்டபிள்யூவுக்கு டபிள்யூபிஏ. எம்340ஐ நடுத்தரம், அது முழு எம் கார் இல்லை. ஏஎம்ஜியில் 45, 63 வண்டிகளின் இன்ஜின் மேல் அதைப் பூட்டியவரின் கையெழுத்துப் போட்ட தகடு இருக்கும். ஒரு ஆள் ஒரு இன்ஜின் என்று பூட்டுகிற வழக்கம் அது. வி6 இன்ஜின் வந்த 43-ல் அந்தத் தகடு கிடையாது, அதைத் தேடி ஏமாறாதீர்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது என்னென்ன பார்க்க வேண்டும்?

முதல் நாளே போன் செய்து, "நான் வருகிற வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். போனதும் வண்டிக்காரருக்கு வணக்கம் சொல்வதற்கு முன் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். குறைந்தபட்சம் இன்னொரு நாள் காலையில் வர வேண்டும்.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கண்ணாடியை இறக்கி, முதல் ஐந்து விநாடி காதை மட்டும் வேலை வாங்குங்கள். தகரப் பெட்டியில் சங்கிலியைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கினால் அது செயின். பின்னால் ஒருவர் நின்று புகை பார்க்கட்டும். நீலப் புகை ஆயில்.

பிறகு அரை மணி நேரம் ஓட்டுங்கள். கன்சல்டிங்காரர், அதாவது பழைய கார் வியாபாரி, பக்கத்துத் தெருவைச் சுற்றிக் காட்டிவிட்டு "வண்டி பட்டு மாதிரி போகுதுல்ல" என்பார். அது போதாது. கியர்பாக்ஸின் குணம் சூடான பிறகுதான் தெரியும். டிராஃபிக்கில் நடை வேகத்தில் ஊர்ந்து பாருங்கள், இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கும்போது உதைக்கிறதா பாருங்கள். நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல வட்டமடியுங்கள். தரதரவென்று அதிர்ந்தால், இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் வேலை இருக்கிறது. நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே அளவு தேய்மானமா என்றும் பாருங்கள். இரண்டு டயரை மட்டும் புதுசாகப் போட்டு ஓட்டியே அந்தப் பெட்டியைக் கெடுத்து வைத்திருப்பார்கள்.

பிரேக் டிஸ்க் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். மேடு தட்டினால் தேய்ந்திருக்கிறது. குறைந்தபட்ச கனம் எவ்வளவு இருக்கலாம் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள், வெர்னியர் இருந்தால் அளந்து விடலாம்.

கடைசியாக ஸ்கேனர். சாலையோரத்தில் 2,000 ரூபாய்க்கு விற்கும் ஸ்கேனர் இன்ஜின் கோளாறை மட்டும் சொல்லும். பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்கு விசிடிஎஸ், மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி இருக்கிற ஆளிடம் கொண்டு போங்கள். எல்லாக் கோளாறும் அழிக்கப்பட்டு, அழித்து 3 கிலோமீட்டர்தான் ஆகிறது என்று காட்டினால் அதுவே ஒரு கோளாறு.

40,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டாக்டர் வண்டி என்கிறார்கள். நம்பலாமா?

விற்பனைக்கு வருகிற எல்லா வண்டியும் டாக்டர் வண்டிதான். இன்ஜினியருக்கும் வக்கீலுக்கும் கார் கிடையாது போல.

மீட்டரைத் திருத்துவது எளிது. ஆனால் பல ஜெர்மன் கார்களில் கிலோமீட்டர் எண் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவாகிறது. நல்ல ஸ்கேனர் வைத்திருப்பவர் மீட்டரில் இருப்பதையும் மற்றப் பெட்டிகளில் இருப்பதையும் ஒப்பிட்டுச் சொல்வார். ஸ்கேனர் இல்லாமலும் பார்க்கலாம். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-ம் வாரம். 2016 மாடல், 40,000 கிலோமீட்டர், ஆனால் டயர் இரண்டாம் செட் என்றால் ஏன் என்று கேளுங்கள். டிரைவர் சீட்டின் ஓரத் தோல், ஸ்டீயரிங்கின் வழவழப்பு, பிரேக் பெடல் ரப்பர் மூன்றும் பொய் சொல்லாது.

எனக்கு 40,000 ஓடி மூன்று வருடம் ஷெட்டில் நின்ற வண்டியை விட, வருடா வருடம் பில்லோடு 95,000 ஓடிய வண்டிதான் பிடிக்கும். நின்ற வண்டியில் ரப்பர் காய்ந்துவிடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பர் சென்னை வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலும் எத்தனை கார்களை முழுக்காட்டின என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தச் சமயத்தில் சென்னைப் பதிவு எண்ணோடு இருந்து, வெளியூரில் மலிவாக விற்பனைக்கு வருகிற வண்டி என்றால் கொஞ்சம் கூடுதலாகவே சந்தேகப்படலாம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் அங்கே வரை கழுவ மாட்டார்கள். சேற்றுக் கோடு இருந்தால் தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியில் தண்டவாளத்தில் துரு, டிக்கித் தரைக்குக் கீழ் துரு, ஏசி போட்டதும் முதல் நிமிடம் வரும் பூஞ்சை வாடை. ஜெர்மன் கார்களில் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளைக் கார்ப்பெட்டுக்கு அடியிலும் டிக்கித் தரையிலும் வைத்திருக்கிறார்கள். அவற்றின் இணைப்பு முனையில் பச்சை படிந்திருந்தால் வண்டிக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். இன்று ஓடும். அடுத்த மழைக்காலத்தில் ஒவ்வொரு எச்சரிக்கை விளக்காக எரியும்.

டெல்லி வண்டி மூன்று லட்சம் குறைவாக வருகிறது. வாங்கலாமா?

குறைவுக்குக் காரணம் ஊரறிந்தது. டெல்லியில் 10 வயது தாண்டிய டீசலுக்கும் 15 வயது தாண்டிய பெட்ரோலுக்கும் 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடு போட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதிலிருந்து அங்கே வயதாகும் வண்டிகளின் விலை விழுந்தது.

வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் கணக்கை இங்கே வந்து போடாமல் அங்கேயே போடுங்கள். என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்று படிவம் 28-ல் தரும் சான்று, கையில் வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு எண் வாங்கியாக வேண்டும், அப்போது ஆயுள் வரியும் வரும். அந்த வரி நீங்கள் கொடுத்த 12 லட்சத்தின் மேல் போடப்படுவதில்லை. வண்டி புதிதாக இருந்தபோதைய விலையை வைத்து, வயதுக்கேற்பக் கழித்துப் போடுவார்கள். மூன்று லட்ச லாபம் எங்கே போகிறது என்று அப்போது தெரியும்.

உள்ளூர் வண்டி என்றாலும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம் வங்கிக் கடிதமும் வேண்டும். "ஹெச்பி (ஆர்சியில் உள்ள கடன் பதிவு) கேன்சல் பண்ணிடலாம், ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்பதை நம்பி ஒருவர் ஒன்றரை வருடம் அலைந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, அது அந்த ஆளோடு போய்விடும்.

எல்லோரும் கூலிங், கூலிங் என்கிறார்களே, அப்படி என்ன அதில்?

இதில்தான் நான் பணத்தை விட்டேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என் முதல் ஜெர்மன் கார் வெளியூர் கன்சல்டிங் ஒன்றில் வாங்கியது. வாங்கிய இரண்டாம் மாதம் சேலத்திலிருந்து திரும்பும்போது பெருந்துறை தாண்டி டெம்பரேச்சர் விளக்கு எரிந்தது. நிறுத்திப் பானெட்டைத் திறந்தால் ஆவி. இன்ஜின் பக்கவாட்டில் கூலன்ட் குழாய் வந்து சேரும் இடத்தில் கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக் மூட்டு. குழாயைத் தொட்டேன், மூட்டு என் கையோடு வந்துவிட்டது. மீதியை விரலால் அழுத்தினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. கறுப்பாக இருக்க வேண்டியது பழுப்பாகியிருந்தது.

டோ செய்து ஊருக்கு வந்தோம். ஒரிஜினல் பொருள் வர ஒன்பது நாள் என்றார்கள். கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் நண்பர் உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதையா இவ்வளவு பெரிய கம்பெனி பிளாஸ்டிக்ல செஞ்சான்?" என்று கேட்டு, மறுநாள் அலுமினியத்தில் கடைந்து கொடுத்தார். இன்று வரை அந்த மூட்டு சொட்டவில்லை. ஆனால் சரியாகப் பதினெட்டாம் நாள் அதற்கு அடுத்த பிளாஸ்டிக் போனது. அதற்குப் பிறகு ரேடியேட்டர் தொட்டியின் கழுத்து. ஒன்று பலமானதும் அழுத்தம் அடுத்த பலவீனத்தைத் தேடிப் போகிறது. மூன்று தடவை டோ வண்டிக்குக் கொடுத்த காசில் மொத்த செட்டையும் முதலிலேயே மாற்றியிருக்கலாம்.

ஏன் பிளாஸ்டிக்? எடை, விலை. புது வண்டியில் அது ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. ஆனால் பத்து வருடம் நூறு டிகிரிக்குப் பக்கத்தில் வெந்து, நம் ஊர் வெயிலில் நின்று, டிராஃபிக்கில் காற்றில்லாமல் ஊர்ந்தால் அது காய்ந்துதான் போகும். போர்ஷே கூட விதிவிலக்கில்லை. 2003 முதல் 2006 வரையிலான கேயென் வி8-ல் இன்டேக்குக்கு அடியில் ஓடும் பிளாஸ்டிக் கூலன்ட் குழாய்கள் வெடிப்பதும், அலுமினியக் குழாய் போடுவதும் எல்லாரும் அறிந்த கதை.

ஆகவே எட்டு வயது தாண்டிய வண்டி வாங்கினால், பழைய பில் இல்லாத பட்சத்தில் வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், விரிவுத் தொட்டி, மேல் கீழ் ஹோஸ்கள் எல்லாம் ஒரே தடவையில். என்52, என்54, என்55 இன்ஜின் பிஎம்டபிள்யூக்களில் வாட்டர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அது முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். விளக்கு எரிந்தால் "பங்க் வரைக்கும் போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில்தான் ஹெட் கேஸ்கெட் போகும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றலாம், வீட்டுக்கு வந்ததும் வடித்துவிட்டு அந்தந்தக் கம்பெனி சொன்ன கூலன்ட்தான். நிறம் பார்த்து ஊற்றாதீர்கள், டப்பாவில் உள்ள தர எண்ணைப் பாருங்கள்.

ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை?

வண்டித் திரை 15,000, 20,000 கூடக் காட்டும். 8,000-ல் மாற்றுங்கள், அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அது. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் மட்டும் போதாது. பிஎம்டபிள்யூவுக்கு எல்எல்-01 அல்லது எல்எல்-04, மெர்சிடிஸுக்கு 229.5 வகை, ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்கு 502 00 அல்லது 504 00 என்ற ஒப்புதல் எண் பின்பக்கம் எழுதியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்பது கையேட்டில் இருக்கிறது. 2007-லிருந்து 2013 வரையிலான வி8 எம்3-க்கு 10டபிள்யூ-60 என்று தனி ஆயில். அந்த இன்ஜினின் கனெக்டிங் ராடு பேரிங் தேய்வது பிரசித்தம். பேரிங் மாற்றியதா என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஆயில் கசிவு? வால்வு கவர் கேஸ்கெட்டும் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட்டும் காய்ந்து ஒழுகாத பழைய பிஎம்டபிள்யூவை நான் பார்த்ததில்லை. பயப்பட வேண்டியதில்லை, விலை குறைக்க நல்ல காரணம்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டியதில்லையாமே?

யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பிஎம்டபிள்யூவிலும் ஆடியிலும் வரும் 8 கியர் ஆட்டோமேட்டிக்கைப் பெரும்பாலும் செய்வது இசட்எஃப் கம்பெனி. அவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், மாற்றச் சொல்கிறார்கள். அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதனுள்ளேயே ஒட்டியிருக்கும், இரண்டும் சேர்ந்துதான் வரும். இன்ஜின் ஓட, ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே அளவு வைக்க வேண்டிய வேலை. "கண்ணளவு போதுங்க" என்கிற கடையில் விடாதீர்கள்.

ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தின் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸான டிஎஸ்ஜி என்றால் எந்த வகை என்று கேளுங்கள். ஆறு கியர் ஈரக் கிளட்ச் டிகியூ250-க்கு 60,000-க்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும். ஏழு கியர் உலர் கிளட்ச் டிகியூ200 நம் டிராஃபிக்குக்காகப் பிறந்தது அல்ல. கிளட்ச், அதை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியான மெக்கட்ரானிக் இரண்டுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) செய்யலாமா?

வாங்கிய மறுநாளே கேட்கிறீர்கள் என்று தெரியும். ஒரு வருடம் ஓட்டுங்கள், கூலிங், ஸ்பார்க் பிளக், காயில், பிரேக், டயர் எல்லாம் சரி செய்யுங்கள். அப்புறமும் வேகம் போதவில்லை என்றால் பேசலாம். பி58 மாதிரி இன்ஜின் தாங்கும். டிகியூ200 தாங்காது, அதன் வரம்பே 250 நியூட்டன் மீட்டர்தான். இங்கே கொஞ்சமாக வந்த போலோ ஜிடிஐ-யில் 1.8 இன்ஜினை அந்த வரம்புக்குள் கட்டிப்போட்டு விட்டதே அந்தப் பெட்டிக்காகத்தான். அதில் ரீமேப் போடுகிறவர்கள் கியர்பாக்ஸுக்கும் சேர்த்தே விலை கேட்கட்டும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் சமயத்தில் அதையே காரணம் காட்டுவார்கள்.

எந்தப் பெட்ரோல்? இ20 ஊற்றினால் கெடுமா?

டேங்க் மூடிக் கதவின் உள்பக்கம் ஸ்டிக்கர் இருக்கிறது. எத்தனை ஆக்டேன், எத்தனை சதவீதம் எத்தனால் என்று அங்கேயே எழுதியிருக்கும். பழைய வண்டிகளில் இ10 வரைதான் போட்டிருக்கும். இ20 ஊற்றிய அன்றே எதுவும் நடக்காது. ஃபியூவல் ஹோஸ், சீல் வகையறாவை வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், பெட்ரோல் வாடை வந்தால் அலட்சியம் வேண்டாம். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள், எத்தனால் ஈரத்தை இழுக்கும். டர்போ இன்ஜினுக்கு 95-க்குக் குறையாமல் ஊற்றுங்கள். வால்பாறை 40 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறீர்கள் என்றால் 100 ஆக்டேன் ஒரு டேங்க் ஊற்றிப் பாருங்கள், வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

பார்ட்ஸ் விலை குறைக்க வழி?

வழி இருக்கிறது, பார்ட் நம்பர். பிஎம்டபிள்யூ பொருளில் 11 இலக்கம். முதல் இரண்டு பிரிவு: 11 இன்ஜின், 17 கூலிங், 31 முன் ஆக்சில், 34 பிரேக். பொருளின் மேல் பெரும்பாலும் கடைசி 7 இலக்கம்தான் அச்சாகியிருக்கும். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்தில் எண்ணின் முடிவில் வரும் எழுத்து திருத்திய பதிப்பு. பழைய எழுத்தை மலிவாகக் கொடுத்தால் பழைய குறையையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

கார் கம்பெனி எல்லாப் பொருளையும் தானே செய்வதில்லை. லோயர் ஆர்ம் செய்வது லெம்ஃபோர்டர் கம்பெனி, ஷாக் அப்சார்பர் என்றால் சாக்ஸ், ஃபில்டர் என்றால் மான் அல்லது மாலே, கேஸ்கெட் என்றால் எல்ரிங், பிரேக் என்றால் ஏடிஇ. அதே பொருள் அவர்கள் டப்பாவில் வாங்கினால் கணிசமாகக் குறையும். ஒருமுறை வந்த ஆர்மில் கார் கம்பெனி முத்திரை இருந்த இடத்தை மட்டும் கிரைண்டரில் தேய்த்து அனுப்பியிருந்தார்கள். மற்றபடி இம்மி வித்தியாசம் இல்லை.

சென்னை புதுப்பேட்டையில் பழைய பொருள் வாங்கலாமா என்றால்: ஹெட்லைட், கண்ணாடி, கதவு, சீட், அலாய் தாராளமாக. வாட்டர் பம்ப், ஹோஸ், சென்சார், பிரேக் சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம். அடுத்தவர் வண்டியிலும் அது அதே வெயிலில்தான் காய்ந்தது.

ஷோரூம் சர்வீஸா, வெளி மெக்கானிக்கா?

வாரன்டி இருக்கும் வரை ஷோரூம். அதற்குப் பிறகு வெளி ஆள். ஆனால் வண்டி வாங்கும் முன்பே அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "பேட்டரி மாத்தினா வண்டியில ரெஜிஸ்டர் பண்ணுவீங்களா?" பிஎம்டபிள்யூவில் புது பேட்டரி போட்டதை கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பழைய பேட்டரிக்கு ஏற்றபடியே சார்ஜ் ஏற்றிப் புதியதைக் கெடுக்கும். "எதுக்குங்க அதெல்லாம்" என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மழைத் தண்ணீரில் ஓட்டலாமா?

வேண்டாம். பல மாடல்களில் காற்று இழுக்கும் வாய் பம்பருக்குப் பக்கத்திலேயே தாழ்வாக இருக்கிறது. எங்கள் ஊர் லங்கா கார்னர் பாலத்துக்கு அடியில் தண்ணீர் நிற்கும்போது முன்னால் பஸ் போகிறதே என்று நீங்களும் போனால், பஸ் கிளப்பும் அலையே போதும். நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்தால் அந்த ஒரு அழுத்தலில் ராடு வளையும். தள்ளி ஓரம் கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு இல்லாத பாலிசி இந்தச் செலவைக் கொடுக்காது.

டிக்கியில் ஸ்டெப்னியே இல்லையே, பஞ்சரானால்?

ரன்ஃபிளாட் டயர் என்றால் காற்றே இல்லாமல் பொதுவாக 80 வேகத்தில் 80 கிலோமீட்டர் வரை போகலாம், அதன் பெயரே அதற்குத்தான். ஆனால் பக்கச் சுவர் கெட்டி என்பதால் நம் பள்ளத்தில் சவாரி இடிக்கும், பக்கவாட்டில் வீங்கும், விலையும் அதிகம். நான் இரண்டாம் செட்டிலேயே சாதாரண டயருக்கு மாறிவிட்டேன். டிக்கியில் 12 வோல்ட் காற்றுப் பம்ப், டியூப்லெஸ் பஞ்சர் கிட், ஜாக், வீல் ஸ்பேனர். வீல் போல்ட்டில் லாக் இருந்தால் அதன் சாவி எங்கே என்று வாங்குகிற அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பழைய ஓனர் போன் எடுக்க மாட்டார்.